ஜாக்கி ஏறியதும் நகர்ந்த ஜீப்

போடிமெட்டுக்கு ஏறும் சாலையில், ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் பின் வலது சக்கரம் பஞ்சர். ஜீப்பை ஓரம் கட்டிக் கை பிரேக்கை இழுத்தேன். அதில் முழு நம்பிக்கை வராமல் முதல் கியரிலும் போட்டு வைத்தேன். ஜாக்கியைத் தூக்கத் தூக்கச் சக்கரம் தரையை விட்டு நாலு விரல்கடை எழும்பியது. எழும்பிய அந்த நொடியில் ஜீப் எந்த அவசரமும் இல்லாமல் பின்னோக்கி நகரத் தொடங்கியது. ஒரு முழம் போயிருக்கும். ஜாக்கி கவிழ்ந்தது, சக்கரம் தொப்பென்று தரையில் விழுந்தது. விழுந்ததும் ஜீப் தானாகவே நின்றுவிட்டது.

கை நடுங்கினாலும் கண் ஒன்றைப் பார்த்துவிட்டது. வண்டி பின்னால் போன அந்த ஒரு முழத்தில், அந்தரத்தில் இருந்த சக்கரம் மட்டும் முன்பக்கமாகச் சுழன்றது.

கீழே வந்து, எனக்கு ஜீப் வேலை சொல்லிக்கொடுத்த பெரியவரிடம் கை பிரேக்கைச் சரிபார்க்கச் சொன்னேன். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் வண்டியைத் தொடக்கூட இல்லை. “பிரேக்கு நல்லாத்தான் இருக்கு தம்பி. நீங்கதான் சக்கரத்தத் தூக்கி அத அவுத்து விட்டுட்டீங்க” என்றார்.

பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்போதே அது எப்படி அவிழும்? கிணற்றடிக்குப் போனால் இதற்கு விடை கிடைக்கும். ஒரு கப்பி, அதில் ஒரு கயிறு, கயிற்றின் இரு முனையிலும் ஒவ்வொரு வாளி. கப்பி உத்தரத்தில் ஆடாமல் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு வாளி இறங்கினால் மற்றது அதே அளவு ஏறும். இரண்டு வாளியையும் யாராவது பிடித்துக்கொண்டால் எதுவும் நகராது. அதில் ஒருவர் கையை விட்டால் போதும், கப்பி எவ்வளவு உறுதியாகக் கட்டியிருந்தாலும் கயிறு ஓடிவிடும்.

ஜீப்பின் பின் அச்சுக்கு நடுவில் பூசணிக்காய் போல உப்பி இருக்கும் இரும்புக் கூட்டுக்குள் இந்தக் கப்பிதான் பல் சக்கரங்களாக உட்கார்ந்திருக்கிறது. டிஃபரன்ஷியல் என்று அதற்குப் பெயர். மாட்டு வண்டிக்கு இது தேவைப்படவில்லை. அதன் சக்கரங்கள் அச்சில் தனித்தனியாகச் சுழல்பவை. மோட்டார் வண்டியில் இரண்டு சக்கரத்துக்கும் எஞ்சினின் இழுவை போய்ச்சேர வேண்டும், ஆனால் வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிக் கட்டினால் டயர் தேயும், வண்டி வளைய மறுக்கும். 1827இல் பிரான்சைச் சேர்ந்த ஒனெசிஃபோர் பெக்கூர் நீராவி வண்டிக்காக இந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமை எடுத்தார். இன்றைய கார்களும் அதைத்தான் சுமந்து ஓடுகின்றன.

இன்றைய கார்களில் கை பிரேக் பின்சக்கரங்களையே பிடிக்கும், அதாவது வாளிகளை. வில்லிஸ் ஜீப்பிலும் அதன் வழிவந்தவற்றிலும் அது கப்பியைப் பிடிக்கிறது. ட்ரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டியின் பின்புறம், எஞ்சினின் இழுவையைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் கிளம்பும் இடத்தில் ஒரே ஒரு சின்ன ட்ரம் இருக்கும். கை பிரேக் அவ்வளவுதான். முதல் கியரில் போட்டு நிறுத்துவதும் அதே ஷாஃப்டைப் பிடிக்கும் வேலைதான் என்பதால் என் இரண்டாவது முன்னெச்சரிக்கையும் வீண். இரண்டு பின்சக்கரமும் தரையில் இருக்கும்வரை வண்டி மலைபோல நிற்கும். ஒன்றைத் தூக்கினால் தூக்கிய சக்கரம் முன்னால் சுழல, தரையில் இருப்பது பின்னால் உருளும். அந்தச் சாலையில் நான் பார்த்தது அதைத்தான்.

இப்படி ஒரு பிரேக்கை எவன் வைத்தான் என்று திட்டுவதற்கு முன் அந்த ஆட்களின் நிலைமையையும் பார்க்க வேண்டும். 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 நிறுவனங்களுக்கு எழுதியது: நாலு சக்கரத்திலும் இழுக்கும் சின்ன வண்டி ஒன்று வேண்டும், முதல் மாதிரி 49 நாளில் வர வேண்டும், எடை 1,300 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். 590 கிலோ! நடக்கிற காரியமா? துணிந்து முன்வந்த பேண்டம் என்ற சிறிய நிறுவனம், கார்ல் ப்ரோப்ஸ்ட் என்ற பொறியாளரை அழைத்து அவசர அவசரமாக வரைபடம் போட்டு, செப்டம்பர் 23 அன்று வண்டியை ராணுவ முகாமில் கொண்டுபோய் நிறுத்தியது. எடை வரம்பை ராணுவம் பிறகு 2,160 பவுண்டுக்குத் தளர்த்தியது. 1941இலிருந்து வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப்புகளை உற்பத்தி செய்தன.

அந்த அவசரத்தோடு பார்த்தால் ஷாஃப்டில் வைத்த பிரேக் கெட்டிக்காரத்தனம். இரண்டு சக்கரத்துக்கும் கேபிள் இழுக்க வேண்டியதில்லை. ஒரு ட்ரம், ஒரு குட்டைக் கம்பி போதும். இன்னொரு லாபமும் உண்டு. வில்லிஸ் அச்சில் ஷாஃப்ட் 4.88 முறை சுழன்றால்தான் சக்கரம் ஒருமுறை சுழலும். அப்படியென்றால் ஷாஃப்டைப் பிடிக்கும் பிடி சக்கரத்தில் அதே 4.88 மடங்காக விழும். எடையை அவுன்ஸ் கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு இது சும்மா கிடைத்த பலம். 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்த லேண்ட் ரோவரும் கை பிரேக்கை இதே இடத்தில்தான் வைத்தது. பஞ்சர் பார்ப்பவன் சரிவில் நிற்பான் என்பது யார் கணக்கிலும் இல்லை.

பெரியவர் சொன்ன மருந்து எளிது. ஜாக்கி போடும் முன் சக்கரத்துக்குக் கல் வை. அத்தோடு ஃபோர் வீல் லீவரையும் போடு. லீவர் விழுந்ததும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகக் கட்டுண்டுவிடும். பின்னால் ஒரு வாளி கைவிட்டுப் போனாலும் முன் அச்சில் இரண்டு சக்கரமும் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும். முன்சக்கரத்தில் பூட்டித் திறக்கும் ஹப் இருந்தால் அதையும் பூட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன் அச்சு வெறும் வேடிக்கை பார்க்கும்.

கப்பிக் கயிறு இன்னொன்றையும் சொல்கிறது. கயிற்றின் இரு பக்கமும் இழுவிசை எப்போதும் சமம். ஒரு வாளி நிறையக் கல், மற்றது காலி என்றால் கப்பியைத் தூக்கும்போது காலி வாளி விர்ரென்று மேலே வரும், கல் வாளி அசையாது. சேற்றில் ஒரு சக்கரம் புதைந்து அதுமட்டும் பைத்தியம் பிடித்ததுபோலச் சுற்ற, காய்ந்த தரையில் நிற்கும் சக்கரம் தேமே என்று இருப்பது இதனால்தான். ‘ஃபோர் வீல் போட்டால் நாலும் இழுக்கும்’ என்பது பாதி உண்மை. முன் அச்சில் ஒன்று, பின் அச்சில் எதிர்மூலையில் ஒன்று என இரண்டு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் ஃபோர் வீல் ஜீப்பும் அதே இடத்தில் நின்று உறுமும். ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச்செல்லும் ஜீப் ஓட்டுநர்கள் அந்த நிலையில் ஆக்சிலரேட்டரை மேலும் மிதிப்பதில்லை. அதை அளவாக வைத்துக்கொண்டு, கால் பிரேக்கைக் கொஞ்சமாக மிதிக்கிறார்கள். கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும். சும்மா சுற்றும் சக்கரத்துக்கு பிரேக் ஒரு சுமையைக் கொடுக்கிறது. காலி வாளியில் கல்லைப் போட்டது போல. கயிற்றில் இழுவிசை கூடுகிறது, மறுபக்கமும் அதே அளவு இழுக்கத் தொடங்குகிறது. இன்றைய பெரிய வண்டிகளில் கம்ப்யூட்டர் செய்யும் ‘ட்ராக்‌ஷன் கன்ட்ரோல்’ சுற்றும் சக்கரத்தை மட்டும் தேடிப் பிடித்து இதைத்தான் செய்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் இதை வலது பாதத்தின் குதிகாலும் பெருவிரலும் பங்குபோட்டுச் செய்கின்றன.

பக்கத்துப் பக்கத்துச் சக்கரங்களுக்கு இவ்வளவு சுதந்திரம் கொடுத்தவர்கள் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் அதைக் கொடுக்கவே இல்லை. அங்கே டிஃபரன்ஷியல் கிடையாது. லீவரைப் போட்டால் பற்களோடு பற்கள் பூட்டு. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அகலமான வட்டம் போடும் என்பது ஈர மணலில் சைக்கிள் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கணக்கு போட்டுப் பார்த்தேன். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 80 அங்குலம், அதாவது 2.03 மீட்டர். பின் அச்சின் நடு 5 மீட்டர் ஆரத்தில் ஒரு முழு வட்டம் அடித்தால் அது ஓடும் தூரம் 31.4 மீட்டர். முன் அச்சின் நடுவுக்கு 33.9 மீட்டர். வித்தியாசம் இரண்டரை மீட்டர். ஜீப் டயரின் சுற்றளவைவிட இது கொஞ்சம் அதிகம். ஆக, ஒரே ஒரு வட்டத்தில் முன்சக்கரங்கள் ஒரு முழுச் சுற்றுக்கு மேல் கூடுதலாகச் சுழல வேண்டும். பூட்டிய ஷாஃப்ட் அதை அனுமதிக்காது.

சேற்றில் கவலையில்லை. டயர் கொஞ்சம் வழுக்கி அந்தக் கடனை அடைத்துவிடும். தார் சாலையில் டயர் வழுக்காது. கடன் வேறெங்கோ ஏறுகிறது: ஷாஃப்டுகள் துணி பிழிவதுபோல முறுக்கிக்கொள்கின்றன, ஸ்டீயரிங் கல்லாகிறது, டயர் விட்டுவிட்டுக் கீச்சிடுகிறது. கடைசியில் ஃபோர் வீலை எடுக்கலாம் என்றால் லீவர் அசையாது. புதிதாக ஜீப் வாங்கியவர்கள் இந்த இடத்தில் லீவரோடு மல்லுக்கட்டுவார்கள். நானும் கட்டியிருக்கிறேன். சுத்தியல்கூட எடுத்திருக்கிறேன். உள்ளே எதுவும் உடையவில்லை. முறுக்கேறிய பற்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கின்றன, அவ்வளவே. வந்த வளைவிலேயே ரெண்டு கஜம் பின்னால் எடுத்தால் முறுக்கு பிரியும். லீவர் சுண்டுவிரலுக்கு வரும்.

இதே கணக்கில்தான் டயர் விஷயத்திலும் கஞ்சத்தனம் கூடாது. முன்னால் தேய்ந்தது, பின்னால் புதியது என்று மாட்டி, விட்டத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு வித்தியாசம் வந்தாலும், நேர்சாலையில் கிலோமீட்டருக்குப் பத்து மீட்டர் கடன் ஏறும்.

இனி, எல்லா ஜீப்காரர்களும் ஒருமுறையாவது வெலவெலத்துப் போகும் விஷயம். ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நிம்மதியாகப் போய்க்கொண்டிருக்கும்போது முன்சக்கரம் ஒன்று சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறும். உடனே ஸ்டீயரிங் இடமும் வலமும் உதறத் தொடங்கும். இரும்புப்பிடியாகப் பிடித்தாலும் அடங்காது, வேகத்தை நன்றாகக் குறைத்தால்தான் விடும். ‘வாப்ளிங்’ என்பார்கள். பள்ளம் கொடுத்தது ஒரே ஒரு தட்டு. அது எப்படி விடாமல் தொடர்கிறது?

பழைய சைக்கிள் சக்கரம் ஒன்றை எடுத்து அதன் அச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாரையாவது வேகமாகச் சுற்றிவிடச் சொல்லுங்கள். சுற்றும்போது ஒரு கையை மெல்ல உயர்த்திப் பாருங்கள். சக்கரம் சாய்வதோடு நிற்காது, உங்கள் கையை மீறிப் பக்கவாட்டில் திரும்பும். சுழலும் பொருளின் அச்சைச் சாய்த்தால் அது குறுக்கே திரும்ப முயலும். ஜைரோஸ்கோப் விளைவு என்பது இதுதான். ஜீப்பின் முன் அச்சு ஒரே இரும்புக் குழாய். இடது சக்கரம் மேட்டில் ஏறினால் முழு அச்சும் சாயும். சாய்ந்ததும் இரண்டு சக்கரமும் ஒரே பக்கமாகத் திரும்பப் பார்க்கும். திரும்பிய சக்கரம் மறுபடி அச்சைச் சாய்க்கும். சாய்வு திருப்பத்தைத் தூண்ட, திருப்பம் சாய்வைத் தூண்ட, இரண்டும் மாறிமாறி ஊஞ்சலை ஆட்டிவிடுகின்றன. தாளம் ஒத்துப்போகும் வேகம் ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே வந்தால் ஆட்டம் ஓய்கிறது. ஆட்டத்துக்கு வேண்டிய சக்தி பள்ளத்திலிருந்து வரவில்லை, வண்டி முன்னோக்கி ஓடும் வேகத்திலிருந்துதான் உறிஞ்சிக்கொள்கிறது. பள்ளம் தீக்குச்சி மட்டும்தான்.

இரண்டு பக்கமும் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷனை இன்றைய கார்கள் ஏற்றதற்கு இதுவும் ஒரு காரணம். முரட்டுப் பாதைக்கு ஒற்றைக் குழாய் அச்சைப் போலத் தாங்குவது எளிதில் கிடைக்காது என்பதால் ஜீப் அதை விடவில்லை. பதிலுக்கு ஒரு நிபந்தனை வைத்தது: சக்கரம் திரும்பும் கிங்பின் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும். பேரிங் மூடியின் கீழே மெல்லிய தகடுகளை எடுத்தும் சேர்த்தும் அந்தக் கெட்டியை அமைக்கிறார்கள். பெரியவர் அதற்கு மீன்காரர் வைத்திருக்கும் ஸ்பிரிங் தராசு ஒன்றைப் பயன்படுத்துவார். கொக்கியை மாட்டி இழுத்து, எத்தனை கிலோவில் சக்கரம் திரும்பத் தொடங்குகிறது என்று பார்ப்பார். அது தானாகத் திரும்பினால் முகம் சுளிப்பார். ஸ்டீயரிங் லேசாகப் போகிறதே என்று நான் சந்தோஷப்பட்ட வாரத்தில்தான் என் வண்டி முதல்முறை உதறியது.

பெட்ரோல் ஜீப்புகளின் வியாதி ஒன்று இப்போது அரிதாகிவிட்டது. பெரும்பாலானவர்கள் டீசல் எஞ்சினுக்கு மாறிவிட்டார்கள். வெயிலில் மலை ஏறி, டீக்கடையில் கால் மணி நேரம் நிறுத்தி, மறுபடி கிளப்பினால் கிளம்பாது. பெட்ரோலின் லேசான பகுதி 35 டிகிரி சுற்றுவட்டாரத்திலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். பழைய வண்டியில் பெட்ரோல் பம்ப் சூடான எஞ்சினோடு ஒட்டியே இருக்கிறது. அது தொட்டியிலிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலில் காற்றழுத்தமே கடலோரத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். குழாய்க்குள் ஆவி நிரம்பினால் பம்ப் ஆவியைத்தான் அமுக்கிக்கொண்டிருக்கும், பெட்ரோல் நகராது. இன்றைய கார்கள் பம்பைத் தொட்டிக்குள்ளேயே முக்கி வைத்து, அங்கிருந்து தள்ளுகின்றன. ஜீப்காரர்கள் ஈரத்துணியைப் பம்பின் மேல் போட்டுவிட்டு இன்னொரு டீ சொன்னார்கள். டீசலுக்கு மாறியவர்களுக்கு வேறு தண்டனை: தொட்டி ஒருமுறை காலியானால் குழாயில் காற்று புகும், டீசல் ஊற்றினாலும் எடுக்காது. பானெட்டைத் திறந்து, கை பம்பை அழுத்தி அழுத்தி, திருகாணியைத் தளர்த்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை ‘ஏர் எடுக்க’ வேண்டும். பனி பெய்யும் விடியற்காலையில் அதைச் செய்தவர்கள் அதன்பிறகு தொட்டி பாதிக்குக் கீழே இறங்க விடமாட்டார்கள்.

ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி மாட்டியபின் வண்டி அதிர்கிறது என்று வருபவர்களின் ஷாஃப்டில் பெரியவர் முதலில் அம்புக்குறியைத்தான் தேடுவார். ஷாஃப்டின் இரு முனையிலும் இருக்கும் ‘கிராஸ்’ இணைப்பு வளைந்த நிலையில் சீராகச் சுழலாது. 20 டிகிரி வளைவு என்றால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டுமுறை நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் கூடும், இரண்டுமுறை அதே அளவு குறையும். முன் கிராஸ் செய்யும் இந்தக் கோளாறைப் பின் கிராஸ் தலைகீழாகச் செய்து அழித்துவிடும். இரண்டும் ஒரே வாட்டத்தில் மாட்டப்பட்டிருந்தால்தான் அழியும். அதற்குத்தான் அம்புக்குறி. ஒரு பல் தள்ளி மாட்டினாலும் கோளாறு முழுமையாக அழியாமல் மிச்சம் நிற்கும். அந்த மிச்சம்தான் அதிர்வு.

கடைசியாக, போடிமெட்டில் அன்று நான் பட்ட பாட்டுக்கே திரும்புகிறேன். கல் வைத்து, ஃபோர் வீல் போடத் தெரியாமலேயே எப்படியோ ஸ்டெப்னியை மாட்டிவிட்டேன். பஞ்சரானது வலது சக்கரம் என்பது என் நல்ல நேரம். வில்லிஸ் வம்சத்துப் பழைய ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரங்களின் போல்டுகள் இடமரை. கழற்ற வேண்டுமென்றால் மற்ற நட்டுகளை இறுக்கும் திசையில் திருப்ப வேண்டும்.

சைக்கிளின் இடது பெடலும் இப்படித்தான் என்பது சைக்கிள் கடையில் நின்றவர்களுக்குத் தெரியும். காரணத்தைக் கையிலேயே பார்க்கலாம். இடது கையைக் குழலாக மடக்கி அதற்குள் ஒரு பென்சிலைத் தளர்வாகச் செருகுங்கள். பென்சிலின் மறுமுனையைப் பிடித்துக் கடிகாரத் திசையில் வட்டமாகச் சுழற்றினால், பென்சில் குழலின் உள்சுவரில் உருண்டு எதிர்த்திசையில் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். சக்கரம் உருளும்போது வண்டியின் பாரம் போல்டுக்குப் போல்டு மாறிச் சுற்றிவருவதும் இப்படித்தான். நட்டு துளியளவு தளர்ந்திருந்தால் போதும், ஒவ்வொரு சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத அளவு நகரும். இடப்பக்கத்தில் அந்த நகர்வு சாதாரண மரையை அவிழ்க்கும் திசையில் விழும். இடமரை என்றால் அதே நகர்வு இறுக்கிவிடும். கூம்பு வடிவ நட்டை ஒழுங்காக முறுக்கினாலே தளராது என்று தெரிந்தபின் தயாரிப்பாளர்கள் இதைக் கைவிட்டார்கள்.

போல்டின் முனையில் அடையாளத்துக்கு ஒரு சின்ன ‘எல்’ எழுத்து பொறித்திருக்கும். நாலைந்து கைமாறிய ஜீப்பில் அதன்மேல் ஆறேழு பூச்சு பெயின்ட் ஏறியிருக்கும். சென்ற மழைக்காலத்தில் இடது சக்கரம் பஞ்சரானபோது, கடைப் பையன் நட்டு அசையவில்லை என்று பானாவுக்கு மேல் நாலடிக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி நின்றான். நான் டீ கிளாஸோடு ஓடிவருவதற்குள் இரண்டு போல்டு முறிந்து விழுந்தது. “துரு ஏறிப்போச்சுண்ணே” என்றான். மூன்றாவது நட்டை எதிர்ப்பக்கமாகத் திருப்பிக் காட்டினேன். கையாலேயே வந்தது. நட்டை ஒருமுறை பார்த்தான், என்னை ஒருமுறை பார்த்தான்.

“யாருண்ணே இத மாட்டுனது?” என்றான்.